அடுத்த அறைக்கு ஒரு பாதை

கண்டியினின்று மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில், திகனையையும் தெல்தெனியவையும் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், தேயிலையும் மூடுபனியும் சூழ அமைந்த ஊர் அது. அவ்வூரிலுள்ள எம் வீட்டிலிருந்து தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்கு ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பினால், அடுப்பில் வைத்த தேநீர் கொதிக்குமுன் அது போய்ச் சேர்ந்துவிடுகின்றது. ஆனால், எம் வீட்டு முன்னறையிலிருந்து உள்ளறைக்கு அதே படத்தைக் கொண்டுசெல்ல எமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டியிருந்தது. கடல் கடப்பது எளிதாகவும் கதவு கடப்பது அரிதாகவும் போன அந்தக் கதையை இங்கே கூற விரும்புகின்றோம். எம்மைப்போன்று பழைய கணினி ஒன்றை மூலையில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும்.

எம் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லயன் காம்பிராவில் அவர் வைத்திருந்த ஒரே பூட்டிய பொருள் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பொன் இல்லை, காகிதங்களே இருந்தன. மலையகத் தமிழருக்குக் காகிதம் எத்தகைய பொருள் என்பதை இத்தலைமுறைக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் கணக்கெழுதியது. எஞ்சியோருக்கும் 1974இல் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கிலே எம் தந்தையார் இங்கும், அவருடைய தங்கை, அதாவது எம் அத்தை, அங்கும் ஆயினர். 1971இல் அத்தை தலைமன்னாரிற் கப்பலேறியபோது எமக்கு ஏழு வயது.

அத்தை எழுதிய கடிதங்கள், தந்தையாரின் சான்றிதழ்கள், பிறப்புத் துண்டுகள், ஒன்றிரண்டு புகைப்படங்கள் ஆகிய யாவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. 2007இல் எம் தம்பி அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்துப் படமாக்கினான். அத்துடன் நில்லாது, எம் அன்னையாரை முன்னே அமர்த்தி அவர் சொல்லச் சொல்லக் குடும்பத்தின் கதையைத் தட்டெழுதி வைத்தான். அன்றைக்கு அது பொழுதுபோக்காகவே எமக்குத் தோன்றியது. தம்பி பின்னர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றான். கணினி முன்னறையிலே தூசி படிந்து நின்றது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தது. கண்டி மாவட்டம் பட்ட பாட்டை எழுதி முடியாது. எம் வீடு தப்பியது. ஆனால் பின்சுவர் வழியே இறங்கிய நீர் தகரப் பெட்டியை இரண்டு நாள் ஊறவைத்துவிட்டது. திறந்து பார்த்தபோது அத்தையின் நீல மையெல்லாம் ஒன்றாய்க் கலந்து, காகிதம் கூழாகியிருந்தது. அன்னையார் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். ஆகவே கடிதங்களும் அன்னையாரின் சொற்களும் உலகத்தில் ஒரேயோர் இடத்தில்தான் மிஞ்சியிருந்தன. அந்த இடம், விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கும், உயிர் ஊசலாடும் ஒரு கணினி.

“அப்பா, பாட்டியின் திவசத்துக்குள் அவற்றை என் மடிக்கணினிக்கு மாற்றிவிட வேண்டும், அது எந்த நேரமும் நின்றுவிடும்” என்றாள் எம் மகள். அவள் சொன்னது மெய்யே. அக்கணினியின் வட்டு, சக்கரத்திற் கல் சிக்கிய மாட்டுவண்டிபோலச் சத்தமிடத் தொடங்கியிருந்தது. பென்டிரைவிலே எடுத்துக்கொள்ளலாமே என்று வாசகர் கேட்பர். பழையதொரு மின்னலில் அதன் யூ.எஸ்.பி. துளைகள் யாவும் செத்துவிட்டன. சீடித் தட்டு திறப்பதில்லை. வட்டைக் கழற்றி வேறொன்றிற் பொருத்துவதற்கு அந்தக் காலத்து அகன்ற கம்பி எவரிடமும் இல்லை. எஞ்சிய வழி ஒன்றே: ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, வீட்டு வலையமைப்பின் வழியாகக் கோப்புகளை இழுத்தெடுப்பது.

கண்டியிலே கணினி படிக்கும் எம் தங்கையின் மகன் ஞாயிறு காலை வந்து சேர்ந்தான். “மாமா, எதையும் அவசரப்பட்டு மாற்றவேண்டாம். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். எந்தப் படியிலே தடுக்கிறது என்று தெரிந்தாற் பாதி வேலை முடிந்தது” என்றான். அன்று நாம் கற்ற முதற் பாடம் அது.

முதற்படி முகவரி. ஒரே கூரையின் கீழ் இருப்பதனால் இரண்டு கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். மருமகன் இரண்டின் எண்களையும் எடுத்துக் காட்டினான். பழையதன் எண் 192.168.1 என்று தொடங்கியது, மகளுடையதோ 192.168.43 என்று தொடங்கியது. முதல் நாள் இரவு இணையம் நின்றுபோனதால் அவள் தன் கைத்தொலைபேசியின் வழியே இணைந்திருந்தாள். மீண்டும் மாற்ற மறந்துவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் வெவ்வேறு தெருக்களில் நின்றன. மடிக்கணினியை வீட்டு ரவுட்டருக்கு மாற்றியபின், ‘பிங்’ என்னும் கட்டளையால் பழைய கணினியைக் கூப்பிட்டான். அது நான்கு முறையும் மறுமொழி தந்தது. வலையமைப்புப் பட்டியலில் அதன் பெயர் தோன்றவில்லை என்று மகள் கவலைப்பட்டாள். “பட்டியலில் இல்லாதது வீட்டில் இல்லாதது ஆகாது, எண்ணைக் கொண்டு நேரே கதவைத் தட்டலாம்” என்றான் அவன்.

தட்டினோம், கதவு திறக்கவில்லை. இரண்டாம் படியாகிய மொழியில் வந்து நின்றோம்.

கணினிகள் கோப்புகளைக் கேட்டு வாங்குவதற்குத் தமக்குள் ஒரு பேச்சுமுறை வைத்திருக்கின்றன. எஸ்.எம்.பி. எனப்படும் அதனை 1983ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பெரி பைகன்போம் என்பவர் வகுத்தார். பின்னர் அது விண்டோஸின் பேச்சாயிற்று. 1992ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ரூ டிரிட்ஜல் என்னும் மாணவர், கம்பியில் ஓடும் உரையாடலைக் கவனித்துக் கவனித்தே அம்மொழியைக் கற்று, பிறவகைக் கணினிகளும் அதைப் பேசுமாறு ஒரு நிரல் எழுதினார். எஸ், எம், பி என்னும் எழுத்துகள் அவ்வரிசையில் வரும் சொல்லை அகராதியிலே தேடி அதற்கு ‘சம்பா’ என்று பெயரிட்டார். அது பிரேசில் நாட்டு நடனமொன்றின் பெயர். இன்று லினக்ஸ் கணினியும் விண்டோஸ் கணினியும் ஒன்றோடொன்று கோப்புப் பரிமாறுகின்றன என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆயினும் மொழி முதிர்ந்து மாறுகின்றது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி.யின் முதலாம் பதிப்பு மாத்திரமே. மகளின் விண்டோஸ் 11 புதிய பதிப்புகளையே பேசும். முதலாவதைப் பேசும் பகுதி அதிலே இயல்பாக நிறுவப்பட்டிருப்பதில்லை. திரையில் வந்த செய்தியும் அதையே கூறியது.

“அந்தப் பழைய பகுதியை ஒரு குறியிட்டு இயக்கிவிடலாமாமே! தீச்சுவரையும் நிறுத்திவிட்டால் உடனே வேலை முடியும் என்கிறார்கள்” என்றாள் மகள். உண்மையைச் சொன்னால் எமக்கும் அதுவே சரியெனப்பட்டது. வட்டின் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் மருமகன் தலையை அசைத்து மறுத்தான்.

அவன் கூறிய காரணம் இது. எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பில் இருந்த ஒரு குறையைப் பற்றிக்கொண்டு, 2017 மே 12ஆந் திகதி ‘வன்னக்ரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பாய்ந்தது. சுமார் 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டு, திறப்பதற்குப் பணயப் பணம் கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அக்குறைக்கான திருத்தம் மார்ச் 14ஆந் திகதியே வெளியிடப்பட்டிருந்தும், அதனை இட்டுக்கொள்ளாதிருந்த கணினிகளே அகப்பட்டன. எக்ஸ்பிக்கோ வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. “மாமா, காப்பாற்ற நினைக்கும் பொருளைக் கொண்டுபோய் வைக்கப்போகும் பெட்டியின் பூட்டையே உடைக்கலாமா?” என்று கேட்டான்.

அவன் அறியாமற் கேட்ட அந்தக் கேள்வி எமக்குத் தந்தையாரை நினைவூட்டியது. தகரப் பெட்டியின் சாவி எப்பொழுதும் அன்னையாரின் முந்தானை முடிச்சில் இருக்கும். பக்கத்துக் காம்பிராக்காரர் பிள்ளைக்குப் பாடசாலை அனுமதிக்கோ விண்ணப்பத்துக்கோ மாதிரி பார்க்கவேண்டுமென்று வந்தால், அன்னையார் இல்லையென்று சொன்னதில்லை. பெட்டியைத் திறந்து, வேண்டிய காகிதத்தை மாத்திரம் எடுத்துக் கொடுத்து, பார்த்து முடியும்வரை அருகிலேயே இருப்பார். பெட்டி பூட்டியே இருந்தது; கேட்டவர் எவரும் வெறுங்கையோடு போகவுமில்லை.

அப்படியானால் வழி என்ன? மருமகன் கண்டியிலிருந்து ஒரு பழைய கணினியை முச்சக்கர வண்டியிலே ஏற்றிக்கொண்டு வந்திருந்தது அப்பொழுதுதான் எமக்கு விளங்கியது. அது விண்டோஸ் 7இல் இயங்குவது. முதலாம் பதிப்பும் அதற்குத் தெரியும், இரண்டாம் பதிப்பும் தெரியும். முற்காலத்துத் துரைமாருக்கும் ஊராருக்கும் நடுவில் துபாஷி நின்றதுபோல, அதனை இரண்டு கணினிகளுக்கும் நடுவில் நிறுத்தினான். ஆனால் அதற்குமுன் மூன்று காரியங்கள் செய்தான். ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியைக் கழற்றினான். மகளின் மடிக்கணினியை முற்றாக நிறுத்தினான். வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் யாவற்றிலும் வைபையை அணைக்கச் செய்தான். அதன்பின் வீட்டுக்குள்ளே கம்பியில் பேசிக்கொண்டவை எக்ஸ்பியும் துபாஷியும் மாத்திரமே.

பிற்பகல் ஒரு மணிக்கு முதற்படம் வந்தது. ஒவ்வொன்றாக 640 படங்கள். நடுவிலே மின்விளக்கு ஒருமுறை மங்கி மீண்டபோது வீட்டிலே எவரும் மூச்சுவிடவில்லை. வட்டு ஓரிடத்திற் சிக்கிக்கொண்டு இருபது நிமிடம் முனகியது. “விட்டுப் பிடிப்போம்” என்று மருமகன் அந்தக் கோப்புறையைத் தாண்டி மற்றவற்றை முதலில் எடுத்தான்; சிக்கியதைக் கடைசியில் மீண்டும் கேட்டபோது அது கொடுத்துவிட்டது. மூன்றரை மணிக்கு எல்லாம் துபாஷியின் வட்டுக்கு வந்து சேர்ந்தன. பழைய கணினியை முறைப்படி நிறுத்தி அதன் கம்பியைக் கழற்றினோம். துபாஷியிலும் முதலாம் பதிப்பை நிறுத்திவிட்டு, வந்த கோப்புகளில் நச்சுநிரல் உண்டா என்று சோதித்த பின்னரே மகளின் மடிக்கணினியை இயக்க அனுமதித்தான்.

இனி எளிதென்று நினைத்தோம். அதுவுமில்லை. மகள் மடிக்கணினியிலிருந்து துபாஷியைக் கூப்பிட்டாள், மறுமொழியே இல்லை. காரணம், அந்தக் கணினி கடைசியாக எங்கோ ஒரு பொதுவிடத்து இணைப்பைக் கண்டிருந்ததனால், எம் வீட்டையும் ‘பொதுவிடம்’ என்று குறித்துவைத்திருந்தது. பேருந்து நிலையத்திலே பணப்பையை இறுகப் பற்றுவதுபோல, பொதுவிடத்திலே கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். அது நல்ல குணமே. தீச்சுவரை நிறுத்தவில்லை, அந்த இணைப்பை ‘வீடு’ என்று திருத்தினோம். உடனே மறுமொழி வந்தது.

அடுத்து அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. “இந்தக் கணினிக்குக் கடவுச்சொல்லே கிடையாதே!” என்றான் மருமகன் சிரித்தபடி. அவன் அதில் ஒருநாளும் பூட்டு வைத்ததில்லை. பூட்டில்லாத வீட்டுக்குள் எளிதில் நுழையலாம் என்பது எமது எண்ணம். கணினியின் நியாயம் வேறு. கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கொண்டு நேரில் அமர்ந்து வேலை செய்யலாமேயன்றி, வலையமைப்பின் வழியே வர அது விடாது. மகளின் மடிக்கணினியோ பெயரில்லா விருந்தாளியாக எங்கும் செல்ல இயல்பாக இணங்காது. ஆகவே துபாஷியில் ‘குடும்பம்’ என்று புதிய கணக்கொன்றைத் திறந்து அதற்கொரு கடவுச்சொல் வைத்தோம். அது எச்சொல் என்று எழுதமாட்டோம். அன்னையார் எம்மைச் செல்லமாக அழைத்த சொல்லை மகள் முன்மொழிந்தபோது, எளிதில் ஊகிக்கக்கூடியது வேண்டாமென்று மருமகன் தடுத்துவிட்டான் என்று மாத்திரம் கூறலாம்.

இம்முறை கோப்புறையின் பெயர் தெரிந்தது. திறந்தால், அனுமதி இல்லை என்றது! இரண்டு வாயில்கள் உண்டென்பதை அப்பொழுது அறிந்தோம். கோப்புறையை வலையமைப்பிற் பகிர்வதற்கான அனுமதி ஒன்று. வட்டிலே அக்கோப்புகளைப் படிப்பதற்கான அனுமதி மற்றொன்று. இரண்டில் எது இறுக்கமானதோ அதன் சொல்லே செல்லும். முதல் வாயிலைத் திறந்த நாம் இரண்டாவதை மறந்துவிட்டோம். ‘எல்லோருக்கும் எல்லாம்’ என்று குறியிடுவது ஒரு நொடி வேலை. ஆனால் ‘குடும்பம்’ என்னும் கணக்குக்குப் படிக்கும் உரிமை மாத்திரம் கொடுத்தோம். படிப்பதற்குத்தானே வந்தோம்! கைதவறி அழிக்கும் உரிமை எதற்கு?

மாலை ஐந்தரைக்கு அத்தையின் கடிதங்கள் மகளின் திரையில் விரிந்தன. நீல மை கலையாதிருந்தது. கடைசியாக அன்னையாரின் கதையைத் திறந்தாள். திறந்ததும் அவள் முகம் வாடியது. திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிறைந்திருந்தன. தம்பி 2007இல் அதனை ‘பாமினி’ எழுத்துருவிலே தட்டியிருந்தான். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை அமர்த்தி வைத்திருப்பது. அது இல்லாத கணினியில் முகமூடி கழன்று உள்ளிருப்பது வெளிப்படும். ‘அம்மா’ என்னும் சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. வீட்டின் எல்லாக் கதவுகளையும் கடந்து வந்த அன்னையார், கடைசியிலே எமக்குத் தெரியாத மொழியில் பேசுகின்றாரோ என்று ஒரு கணம் மனம் துணுக்குற்றது.

பாமினி எழுத்துருவை மடிக்கணினியில் இட்டவுடன் சொற்கள் தெளிந்தன. பின்னர் மகள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினாள். தமிழெழுத்துகளுக்குத் தமக்கென்று தனி எண்களைத் தந்த ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இலேயே வந்துவிட்டது. ஆயினும் இந்நாட்டிலே பத்திரிகையும் பாடசாலையும் வெகுகாலம் பாமினியிலேயே எழுதிவந்தன. அக்காலத்துக் கோப்புகள் எத்தனை வீடுகளில் இவ்வாறு உறங்குகின்றனவோ!

அன்னையாரின் திவசத்தன்று மகள் அதனை உரக்க வாசித்தாள். தலைமன்னாருக்குப் புறப்பட்ட நாளைப் பற்றிய பகுதியில், நாம் எவரும் கேள்விப்படாத ஒரு செய்தி இருந்தது. அத்தை மூட்டை கட்டி முடித்து அழுதுகொண்டிருந்தபோது, அன்னையார் தம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பை எவருமறியாமல் அந்த மூட்டைக்குள் செருகிவிட்டாராம். மாமியாருக்குத் தெரிந்தால் மனம் நோவார் என்று வாழ்நாள் முழுவதும் வாய்திறக்கவில்லையாம்.

அன்று மாலையே கோத்தகிரிக்குத் தொலைபேசியில் அழைத்தோம். எண்பதைக் கடந்த அத்தைக்குக் காது மந்தம். மகள் இரண்டு முறை வாசிக்கவேண்டியிருந்தது. சிறிது நேரம் மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னர், “அண்ணன்தான் வைத்தார் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியா?” என்றார். “அதிலேதான் இன்றைக்கும் தண்ணீர் குடிக்கிறேன்” என்றார்.

வட்டு இன்னும் ஒரு வாரம் முந்தி நின்றிருந்தால் அந்தச் செம்பின் கதை அதனோடு போயிருக்கும். வாசக அன்பர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. மூலையில் நிற்கும் பழைய கணினி உயிரோடிருக்கும்போதே அதனைத் திறந்து பாருங்கள். கதவு திறக்காவிட்டால் கோபித்துப் பூட்டை உடைக்காதீர்கள். முகவரியா, மொழியா, பெயரா, அனுமதியா, எழுத்தா, எதிலே தடை என்று பொறுமையாய்த் தேடுங்கள். கிடைத்ததை ஒரே பெட்டிக்குள் மீண்டும் வைக்காதீர்கள். எம் குடும்பத்துக் காகிதங்களின் படிகள் இப்பொழுது எம் வீட்டில் ஒன்று, கண்டியில் தங்கை வீட்டில் ஒன்று, கோத்தகிரியில் அத்தையின் பேரனிடம் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. இனி எந்த மலை சரிந்தாலும், எந்த மழை பெய்தாலும், அத்தையின் நீல மை கலையாது.